உப்புநீர்த் தொட்டியின் முதல் கலங்கலும் இரண்டாம் கலங்கலும்

கடல் மீன் வளர்ப்பதற்காக வைத்த புதிய தொட்டியில் முதன்முதலாக உப்புநீரை நிரப்பிய அன்று, மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் நடுவில் விழும்படி நீரை மிக மெதுவாக ஊற்றினேன். அப்படி ஊற்றினால் மணல் கிளம்பாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு சாண் உயரத்துக்கு நீர் ஏறியபோது தட்டின் விளிம்பிலிருந்து வெண்புகை போல ஏதோ சுருண்டு எழுந்தது. பாதித் தொட்டி நிரம்பியபோது தட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. நிரப்பி முடித்துப் பம்பை ஓடவிட்ட பிறகு, மூன்று நாள் யோசித்து அடுக்கிய பாறைகளில் ஒன்றுகூடப் புலப்படாமல், 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பெட்டி நிறைய நீர்த்த பாலை ஊற்றி வைத்தது போலிருந்தது.

அன்றிரவு செய்த ஒரு சிறு காரியம்தான் அடுத்த மூன்று வாரங்களுக்கும் எனக்குத் துணையாக இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் பத்து வரிகள் எழுதினேன். முதல் வரியில் கட்டைவிரல் அளவு எழுத்து. கீழே போகப் போகச் சிறுத்து, பத்தாவது வரியில் செய்தித்தாள் எழுத்தின் அளவு. அந்தத் தாளைத் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாக ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, பாறைகளுக்கு முன்னால் விட்டிருந்த இடைவெளி வழியாக, அதாவது தொட்டியின் முழு நீளத்து நீரையும் ஊடுருவி, எத்தனை வரி படிக்க முடிகிறது என்று காலையும் மாலையும் குறித்து வைத்தேன். இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது பார்வையிலிருந்து மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். செக்கி தட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. என் தாள் அந்த வழியில் வந்ததுதான். கவலையோடு பார்க்கும் கண்ணுக்கு ஒவ்வொரு மணி நேரமும் நீர் ஒரே மாதிரிதான் தெரியும். நேற்று மூன்று வரி, இன்று ஐந்து வரி என்று எழுதி வைத்த குறிப்பு அப்படி ஏமாற்றாது.

முதல் நாள் வெண்மை மணல் தூசியால் வந்தது. கடல் தொட்டிகளில் பெரும்பாலும் இடப்படும் அரகோனைட் மணல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. மூட்டையில் ஒன்றோடொன்று உரசி உரசி மாவாக உதிர்ந்த துகள் அதில் எப்போதும் இருக்கும். இந்தத் துகள் எவ்வளவு நேரத்தில் படியும் என்பதற்கு ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் தந்த கணக்கு உண்டு: படியும் வேகம் துகளின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. என் தொட்டியில் நீரின் ஆழம் 45 சென்டிமீட்டர். அசையாத நீரில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள அரகோனைட் துகள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அடிக்கு வந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கான 10 மைக்ரான் துகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துகளோ ஏறத்தாழ ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று எண்களும் தெரிந்த பிறகு முதல் நாளின் பதற்றம் எனக்குப் பெருமளவு குறைந்தது. சிறிது நேரத்திலேயே நீர் ஓரளவு தெளிவதும், அதன் பிறகு நாட்கணக்கில் ஒரு மெல்லிய மூட்டம் விடாமல் தங்குவதும் இயல்பானவைதாம்.

மணலை எத்தனை முறை அலசினாலும் முற்றிலும் தெளிந்த நீர் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த மணலை வாளியில் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு, அடிவரை கையை விட்டுப் புரட்டி, மேலே நிற்கும் பால் நீரை வடித்துவிட வேண்டும். பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு வாளியின் அடி மங்கலாகவேனும் தெரிந்தால் அதுவே போதும். ஈரத்தோடு பையில் அடைத்து விற்கும் லைவ் சாண்டை மட்டும் குழாய்நீரில் அலசக் கூடாது. அதில் இருக்கும் உயிர்களுக்காகத்தான் அதை வாங்குகிறோம். தொட்டிக்குள் சென்றுவிட்ட தூசிக்கு ஃபில்டர் பஞ்சைப் போல எளிய மருந்து வேறில்லை. நீர் கடந்து போகும் இடத்தில் அடர்த்தியான பஞ்சை வைத்து, அது வெளுத்துக் கனத்ததும் எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். முதல் இரண்டு நாளில் நான் ஆறு முறை மாற்றினேன். நீரை அலையவிடும் சிறு பம்பான வேவ்மேக்கர் மணலைப் பார்த்தபடி இருந்தால் படிந்த தூசி மறுபடியும் எழும் என்பதால் அதன் முகத்தை நீர்மட்டத்தை நோக்கித் திருப்பினேன். பாறைகளின் மேல் சாம்பல் பூத்தாற்போல் படியும் தூசியை அப்படியே விட்டுவைத்தால் அது பிறகு ஒவ்வொரு அசைவிலும் கிளம்பும். ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாயால் நீரைப் பீய்ச்சி அதை எழுப்பிவிட்டால் பஞ்சு பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் மாலை ஏழாவது வரி வரை படிக்க முடிந்தது.

வேறொரு வெண்மை உப்பைக் கரைப்பதில் ஏற்படும் பிழையால் வரும். அதை நான் பின்னொரு முறை நீர் மாற்றுவதற்காகத் தயாரித்த வாளியில்தான் கண்டேன். அவசரத்தில் வாளியின் அடியில் உப்பைக் கொட்டி அதன் மேல் ஆர்.ஓ. நீரை ஊற்றிவிட்டேன். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: நீரைச் சுழலவிட்டு, அதில் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். உப்புக் குவியலின் மேல் கொஞ்சம் நீர் படும்போது, அந்தக் கொஞ்ச நீரில் கால்சியமும் கார்பனேட்டும் அளவுக்கு மீறிச் செறிந்து, கரைவதற்குப் பதிலாக ஒன்றோடொன்று சேர்ந்து கால்சியம் கார்பனேட் பொடியாகப் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த பொடி பிறகு எவ்வளவு கலக்கினாலும் எளிதில் கரையாது, ஏனென்றால் கடல்நீர் ஏற்கெனவே அந்தப் பொருளால் தெவிட்டிய நிலையில்தான் இருக்கிறது. பஹாமாஸ் பகுதியின் ஆழமற்ற கடல் திட்டுகளில் நீலக் கடலின் நடுவே சுண்ணாம்பு கரைத்தாற்போல் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வெண்படலங்கள் தோன்றுவதுண்டு. அந்த நீரில் மிதப்பதும் நுண்ணிய கால்சியம் கார்பனேட்தான்.

வெந்நீரில் உப்பு விரைவாகக் கரையும் என்ற எண்ணமும் இங்கே தீங்காக முடியும். சமையல் உப்புக்கு வெப்பத்தால் கெடுதல் இல்லை. கால்சியம் கார்பனேட்டோ வெப்பம் கூடக் கூடக் குறைவாகக் கரையும் பொருள். கடல் தொட்டிகளில் ஹீட்டரின் மேலும் பம்பின் உள்ளேயும் வெண்ணிறப் பொருக்கு ஏறுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே அறை வெப்பத்தில் உள்ள நீரில், லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் உப்பு என்ற கணக்கில் தூவி, சுழலவிட்டு, நீர் கண்ணாடி போலானதும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அல்லது அடர்த்தி எண் 1.026 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஹீட்டரைப் போடுகிறேன். என் தொட்டி ஏறத்தாழ 150 லிட்டர் நீர் கொள்ளும். முதல் நிரப்புதலுக்கு ஐந்தரைக் கிலோ உப்பு பிடித்தது. பிழையாகக் கரைத்து வெளுத்துப் போன நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம் என்பது என் முடிவு. அதில் கால்சியமும் காரத்தன்மையும் பொடியாகப் பிரிந்து குறைந்திருக்கும். அந்த வாளியை நான் கொட்டிவிட்டேன்.

நுண்குமிழிகளைப் பற்றி இரண்டு வரி போதும். பம்ப் காற்றை இழுத்தாலோ, சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தாலோ, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புதிய ஸ்கிம்மர் இன்னும் பழகாமல் இருந்தாலோ நீர் முழுவதும் பொடிப்பொடியாக மின்னும். பம்பைச் சில நிமிடம் நிறுத்தினால் அத்தனையும் மேலே போய் மறைந்துவிடும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது எளிது.

மூன்றாம் நாளில், நைட்ரஜன் சுழற்சி (அம்மோனியாவைப் பாக்டீரியா படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுவது) தொடங்குவதற்கு அம்மோனியா வேண்டுமே என்று, உரிக்காத பச்சை இறால் ஒன்றைத் தொட்டியின் மூலையில் போட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் எட்டு வரி படிக்க முடிந்தது. ஆறாம் நாள் ஒரு பாறை சாய்ந்திருப்பது போலத் தோன்றியதால் கையை விட்டு அதைச் சற்று நகர்த்தினேன். மணல் கொஞ்சம் கிளம்பியது. ஏழாம் நாள் காலை எழுந்து பார்த்தபோது இரண்டாவது வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாம் கலங்கலையும் மணலென்றே நான் எண்ணியதற்கு அந்தப் பாறைதான் காரணம். முதல் முறை பலித்த எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பஞ்சை மாற்றினேன்; ஃபில்டரில் இருந்த அத்தனையையும் வெளியே எடுத்துக் கழுவினேன்; ஒன்பதாம் நாள் மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஊற்றியவுடன் நான்கு வரி தெரிந்தது. மறுநாள் காலையில் முதல் வரியே மங்கியிருந்தது. பஞ்சைப் பிழிந்து பார்த்தபோது முதல் வாரத்தில் விரலில் நறநறவென்று ஒட்டிய மாவு இம்முறை இல்லை. ஏதோ வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பு என்னை நிறுத்தியது. எதனால் ஆன கலங்கல் என்று தெரியாமலேயே மூன்று நாளாக அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று செய்த சோதனையை, புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் யாராக இருந்தாலும் முதல் நாளே செய்துகொள்ள வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கண்ணாடி டம்ளர்களும் ஒரு ஸ்பூன் வினிகரும் இருந்தால் போதும். இரண்டு டம்ளர்களிலும் தொட்டி நீரை மொண்டு, கருப்புத் துணி ஒன்றின் முன்னால் வைத்தேன். ஒன்றில் ஒரு ஸ்பூன் வினிகரை விட்டுக் கலக்கினேன். மணல் தூசியாகவோ, உப்பிலிருந்து பிரிந்த பொடியாகவோ இருந்தால் கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து, சில நிமிடங்களில் நீர் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. மற்ற டம்ளரை ஆடாமல் அசையாமல் மாலைவரை விட்டுவைத்தேன். குமிழியாக இருந்தால் மேலே போயிருக்கும். மணலாக இருந்தால் அடியில் ஒரு வெண்கோடாவது விழுந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை, காலையில் எப்படி இருந்ததோ மாலையிலும் அப்படியே, மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான மூட்டம். இருட்டிய பின் விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சை டம்ளரின் பக்கவாட்டில் பிடித்தேன். ஜான் டிண்டால் ஆராய்ந்ததால் அவர் பெயரைப் பெற்ற ஒளிச்சிதறல், நீலம் கலந்த வெண்தண்டாக நீருக்குள் நீண்டு நின்றது. மணல் நீரில் இதே வெளிச்சம் பட்டால் தனித்தனித் துகள் மினுக்கும். இதில் ஒரு துகளைக்கூடத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அது பாக்டீரியாப் பெருக்கம். தெளிந்த கடல்நீரிலேயே ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியா உண்டு. நம் கண்ணுக்கு அது தெளிந்த நீர்தான். கரைந்த கழிவை உணவாகக் கொள்ளும் வகைகளுக்குத் திடீரென்று விருந்து கிடைத்தால், அவற்றில் சில ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிக்கக் கூடியவை. ஓர் இரவு போதும், நீர் வெளுத்துவிடும். என் தொட்டியில் விருந்துக்குக் குறைவில்லை. மூலையில் இறால் அழுகிக்கொண்டிருந்தது. வாங்கி வந்த இரண்டு லைவ் ராக் (கடலுயிர்கள் ஒட்டி வாழும் பாறை) துண்டுகளில் பயணத்தின்போது செத்துப்போன கடற்பஞ்சும் புழுக்களும் பொந்துகளுக்குள் அழுகிக்கொண்டிருந்தன. இந்த உணவுக்குப் போட்டியிட, பழைய தொட்டியில் இருப்பதைப் போல மேற்பரப்புகளில் படிந்து வாழும் உயிர்ப்படலம் புதிய தொட்டியில் இன்னும் உருவாகியிருக்கவில்லை. பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவுடையது; அதன் அடர்த்தியும் கிட்டத்தட்ட நீரினுடையதே. ஆகவே ஸ்டோக்ஸின் கணக்கு இங்கே கைகொடுக்காது, அது படியப்போவதில்லை. சாதாரணப் பஞ்சின் இழைகளுக்கு இடையே அது தாராளமாகப் போய்வரும்.

நீர் மாற்றியது ஏன் பயன்படவில்லை என்பதும் அப்போது விளங்கியது. மூன்றில் ஒரு பங்கு பாக்டீரியாவை நான் வெளியே கொட்டினேன். மிச்சமிருந்தவை ஒரே ஒரு முறை இரட்டித்தால் முன்னிருந்த எண்ணிக்கையையும் தாண்டிவிடும். உணவு உள்ளேயே இருந்தது. அதைவிடக் கெடுதலாக, ஃபில்டரில் மெல்லப் படியத் தொடங்கியிருந்த உயிர்ப்படலத்தையும் கழுவித் தள்ளியிருந்தேன். அன்றிரவே இறாலை எடுத்தேன். கூழாகிப் போயிருந்த அதை எடுக்கும்போது எழுந்த நாற்றம், பாக்டீரியாவுக்கு உணவு எங்கிருந்து போனது என்பதை வேறெந்த டெஸ்ட் கிட்டையும்விடத் தெளிவாகச் சொன்னது. லைவ் ராக்கை மூக்கருகே பிடித்து முகர்ந்து, ஒரு பொந்தில் கறுத்துக் கிடந்ததை உப்புநீரில் அலசித் தேய்த்து நீக்கினேன். ஸ்கிம்மரைப் போட்டேன், அது நுரைத்துக் கிண்ணம் வழிந்தது, இரண்டு முறை கொட்டினேன். அதற்குப் பிறகு நான் செய்தது, பம்பை நன்றாக ஓடவிட்டு, கையைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொண்டது மட்டும்தான். பதினோராம் நாள் முதல் வரி. பன்னிரண்டாம் நாளும் முதல் வரி. பதிமூன்றாம் நாள் மூன்று.

என் தொட்டியில் அப்போது மீன் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு மனநிலையில்தான் எழுதியிருப்பேன். சில மாதங்கள் கழித்து ஒரு நண்பர் இரவு இரண்டு மணிக்கு அழைத்தார். "மீன் ரெண்டும் மேலேயே நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுதுப்பா. தண்ணி பால் மாதிரி இருக்கு. காலையிலகூட நல்லாத்தான் நீந்திச்சு." தொட்டி வைத்து எட்டு நாள், அதற்குள் இரண்டு கிளவுன் மீன்களை விட்டிருந்தார், நீர் மங்கலாக இருக்கிறதே என்று தெளிவிப்பான் திரவத்தைப் புட்டியில் சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றியிருந்தார், சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் பம்பின் வேகத்தைக் குறைத்து, மேலே மூடியும் போட்டிருந்தார். 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைத் தாங்கும். கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் தாங்கும். அந்தக் குறைந்த சேமிப்பிலிருந்துதான் மீனும் மூச்சு விடுகிறது, பெருகும் அத்தனை பாக்டீரியாவும் மூச்சு விடுகின்றன. நீர்மட்டம் அலையாமல் நின்றுவிட்டால் செலவான ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வந்து சேர வழியில்லை.

"முதல்ல மூடியை எடு. பம்பை முழு வேகத்துல வை, முனையை மேல்பக்கமாத் திருப்பு. தண்ணி மேல கொதிக்கிற மாதிரி அலை வரணும்" என்றேன். ஏர் பம்ப் ஒன்று பழைய நன்னீர்த் தொட்டியில் இருந்ததாகச் சொன்னார். அதையும் கொண்டுவந்து போடச் சொன்னேன். தொலைபேசியை வைக்காமல் இருவரும் காத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து ஒரு மீன் தொட்டியின் நடுவாக்கில் இறங்கியது என்றார். மற்றது விடியும்போது இறங்கியது. இரண்டும் பிழைத்தன. பாக்டீரியாக் கலங்கலால் நீர் வெளுத்துத் தெரிவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மீன் உள்ளே இருக்கும்போது அது விழுங்கும் ஆக்சிஜனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் யாரும் பார்க்காத இரவு நேரத்தில். மீன் இருக்கும் தொட்டி கலங்கினால், காரணத்தை ஆராய்வதற்கு முன்பே நீர்மட்டத்தை அலையவிட்டு, அன்றைக்கு உணவு போடுவதை நிறுத்திவிட வேண்டும்.

தெளிவிப்பான் திரவங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். நீரைத் தெளியவைப்பதற்கும் மனத்தை ஆற்றுவதற்கும் தமிழில் 'தேற்றுதல்' என்ற ஒரே சொல் வழங்குவதுண்டு. இந்தத் திரவங்கள் பெரும்பாலும் இரண்டாவது வேலையைத்தான் நன்றாகச் செய்கின்றன. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக்கிப் பஞ்சில் சிக்கவைப்பது அவற்றின் தொழில்நுட்பம். மணல் தூசிக்கு, உயிர் எதுவும் இல்லாத தொட்டியில், புட்டியில் சொன்ன அளவில், அதுவும் திரண்டதைப் பிடிக்கப் பஞ்சு இருந்தால், அவை உதவும். பாக்டீரியாவைத் திரட்டினாலும் உணவு நீருக்குள்ளேயே இருப்பதால் அடுத்த தலைமுறை வந்துவிடும். அளவு மீறினால் மீனின் செவுளுக்கும் நல்லதல்ல. ஆகவே மீன் இருக்கும் புதிய தொட்டியில் நான் அதைத் தொடமாட்டேன்.

யு.வி. (புறஊதா) விளக்குக்கு இதைவிட மதிப்புத் தருவேன். விளக்கைக் கடந்து போகும் நீரில் மிதப்பவற்றை மட்டுமே அது தாக்குகிறது. மணலிலும் பாறையிலும் ஒட்டி வாழும் நைட்ரஜன் பாக்டீரியாவுக்கு அதனால் கேடில்லை. நீர் மெதுவாகக் கடந்தால் பாக்டீரியா மூட்டமும், பச்சைப்பசேலென்று மாறும் மிதவைப் பாசியும் சில நாளில் விலகும். மணலையும் உப்புப் பொடியையும் அது ஒன்றும் செய்யாது. செத்த பாக்டீரியாவும் மறுபடி உணவாகும் என்பதால், மூலையில் கிடக்கும் இறாலை எடுக்காமல் யு.வி.யை மட்டும் போடுவதில் பொருளில்லை. புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றியதும் ஓரிரு நாள் நீர் மங்குவதுண்டு. அது தானே விலகும், பயந்துபோய் மேலும் ஒரு புட்டி ஊற்றாமல் இருந்தால் சரி. நைட்ரேட்டைக் குறைப்பதற்காக வோட்கா, வினிகர் போன்றவற்றைச் சொட்டுக் கணக்கில் விடும் முறை பழைய தொட்டிகளுக்கு உரியது. அளவு கொஞ்சம் கூடினாலும் அவை மிதக்கும் பாக்டீரியாவுக்கு நேரடித் தீனி. கலங்கியிருக்கும் புதிய தொட்டியில் அவற்றைத் தொடவே கூடாது. டம்ளரில் விட்ட சோதனை வினிகரையும் நான் வெளியேதான் கொட்டினேன்.

கலங்கலோடு சேர்த்துப் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீரின் தெளிவுக்கும் நைட்ரஜன் சுழற்சிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மிதந்து திரிவதில்லை. பாறையின் துளைகளிலும் மணலின் மேலும் ஒட்டிக்கொண்டு, அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ ஒரு முறை இரட்டிக்கும் மெதுவான உயிர்கள் அவை. அதனால்தான் சுழற்சி முடிய நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகிறது. மிதக்கும் கூட்டமோ ஒரே இரவில் வந்து, உணவு தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். நீர் பளிங்காக இருக்கும்போதும் அம்மோனியா உச்சத்தில் இருக்கலாம். கடல் தொட்டியில் அது நன்னீர்த் தொட்டியைவிடக் கொடியது. டெஸ்ட் கிட் காட்டும் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, பி.எச். 7 உள்ள நன்னீரில் அரை சதவீதம்தான், பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது 7 சதவீதத்தை ஒட்டி வரும். 'தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன் விடலாமா?' என்று கேட்பவர்களிடம் நான் தெளிவைப் பற்றிப் பேசுவதே இல்லை; அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு என்று மட்டும் திருப்பிக் கேட்கிறேன்.

இந்தக் கலங்கல்கள் தணிந்த பிறகு கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி படியும். அது டயாட்டம் எனும் நுண்பாசி. நீரில் உள்ள சிலிகேட் தீரத் தீரத் தானே குறையும். துடைத்தால் போதும், அதற்கென்று எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பதினைந்தாம் நாள் ஐந்து வரி. பதினாறாம் நாள் ஆறு. பதினெட்டாம் நாள் மாலை ஒன்பதாவது வரியில் பாதியைப் படித்தேன். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் அறையின் விளக்கைப் போடாமல் தொட்டி விளக்கை மட்டும் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது தாள் அல்ல. லைவ் ராக்கின் பின்புறத்தில், தீக்குச்சி தடிமன்கூட இல்லாத தோல் போன்ற ஒரு குழலிலிருந்து, பழுப்பும் வெண்மையும் மாறி மாறி வந்த இறகுவிசிறி ஒன்று விரிந்திருந்தது. நான் ஒரு விரலைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனதும் அது சட்டென்று உள்ளே போயிற்று. இறகுப்புழு. இத்தனை நாளும் அந்த வெண்மைக்குள் அது அங்கேயே இருந்து, நான் கொட்டிக் கொட்டித் தீர்க்கப் பார்த்த மிதவையை வடிகட்டித் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அது மீண்டும் வெளியே வர நான்கு நிமிடம் ஆனது. விசிறி முழுவதும் விரியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எதிர்ப்பக்கம் போய்ப் பத்தாவது வரியைப் படித்தேன். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. தாளை உரித்து எடுத்துவிட்டுச் சோதனைக் குழாயில் நீர் எடுத்தேன். அம்மோனியா பூச்சியத்துக்கு வந்திருந்தது. நைட்ரைட் குழாய் அடர் ஊதாவாகவே நின்றது. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேராக 'பத்து வரி' என்றும், அதற்குக் கீழே 'மீன் இன்னும் வேண்டாம்' என்றும் எழுதினேன்.